இரைப்பையில் நின்ற வியாழக்கிழமை

மெத்தைக்காரர் வீட்டில் ஒரு வியாழக்கிழமை எட்டு நாள் நீடித்தது. தெருவில் மற்ற வீடுகளுக்கு வெள்ளி வந்தது, சனி வந்தது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தாமதமாக எழுந்தார்கள், திங்கட்கிழமை எல்லோரும் சலித்துக்கொண்டே வேலைக்குப் போனார்கள். மெத்தைக்காரர் வீட்டில் மட்டும் விடிந்தால் வியாழன், மறுபடி விடிந்தால் அதே வியாழன். காரணம் அவருடைய கோழி. அதன் இரைப்பை அடைத்துக்கொண்டிருந்தது. கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில், தின்றதையெல்லாம் முதலில் சேர்த்து வைக்க ஒரு கோழிக்கு இருக்கும் பை அது. சாயங்காலம் நிறைந்திருக்கும்; தூங்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, காலையில் காலியாகிவிடும். இந்தக் கோழிக்கு அது காலியாகவில்லை, அதனால் நாளும் நகரவில்லை. தெருவில் இதற்குமேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கோழிக்கு மேஸ்திரி என்று பெயர். மெத்தைக்காரரின் ஒரே மகள் கப்பலில் சமையல்காரி. நான்கு வருடத்துக்கு முன்னால், முதல் கப்பல் ஏறப் போகும் அன்று, ஒரு குஞ்சை அட்டைப்பெட்டியில் வாங்கிவந்து அப்பாவின் மடியில் விட்டு, "பேச்சுத் துணைக்கு இருக்கட்டும்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவி இறந்து ஒன்பது வருடமாகியிருந்த வீடு அது. குஞ்சு வளர்ந்து பழுப்பு நிறக் கோழியானது. அவர் தைக்கும் முன்னறையில் இடுப்பில் கை வைக்காத குறையாக நடைபோட்டு, ஒவ்வொரு தையலையும் தலையைச் சாய்த்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் முனகிவிட்டுப் போகும். அப்படி வந்த பெயர்தான் மேஸ்திரி. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மகள் ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, மருந்து வாங்கினீங்களா, மேஸ்திரி நல்லா இருக்கா என்பதற்குள் கூப்பிடும் நேரம் தீர்ந்துவிடும். சொல்ல முடியாமல் போனதையெல்லாம் அவர் கோழியிடம் சொன்னார். கோழி ஒருநாளும் "சரிப்பா, வச்சிடட்டுமா" என்று சொன்னதில்லை. மகளுக்கும் தன்னைப் போலவே நெஞ்சு அடைத்துக்கொள்கிறதா, அல்லது கடலைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோகிறதா என்பது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க நான்கு வருடமாக வாய் வரவில்லை.

அவளுடைய கப்பல் இந்த ஊர்த் துறைமுகத்துக்கே வருவதாகவும், ஒருநாள் விடுப்பு கிடைத்திருப்பதாகவும், வியாழன் மத்தியானம் வந்து வெள்ளி காலை பத்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றும் தகவல் வந்தது. அன்று காலை மெத்தைக்காரர் அவளுடைய பழைய மெத்தையைப் பிரித்தார். நான்கு வருடம் ஆள் படுக்காத மெத்தை. பஞ்சு கட்டிதட்டிப் போயிருந்தது. பிரித்து உதறி மறுபடி அடைத்துக் கொடுத்தால் அந்த ஒரு நாளாவது பிள்ளை மெத்தென்று தூங்கும் என்று நினைத்தார். மெத்தையைப் பிரிக்க வேண்டுமென்றால் அதன்மேல் வரிசையாகப் போட்டிருக்கும் நூல் முடிச்சுகளை அறுக்க வேண்டும். அறுத்த முடிச்சை உடனே தகர டப்பாவில் போடுவதும், கடைசியில் டப்பாவைக் கவிழ்த்து எண்ணுவதும் அவருடைய முப்பது வருடப் பழக்கம். ஒரு முடிச்சு பஞ்சுக்குள் தங்கினாலும் படுப்பவர் முதுகைக் குத்தும். எட்டு வரிசை, வரிசைக்கு ஐந்து, மொத்தம் நாற்பது. அன்று நாற்பதையும் அறுத்துத் தரையில் குவித்து, டப்பாவில் ஒரு பிடி அள்ளிப் போட்டபோது வாசலில் "அப்பா" என்று குரல் கேட்டது. துறைமுக வண்டி இரண்டு மணி நேரம் முன்னதாகவே அவளைக் கொண்டுவந்து விட்டிருந்தது. அவர் கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே ஓடினார். மகள் முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், முழங்கைவரை எண்ணெய் தெறித்த தழும்புகள் இருந்தன, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. இருவரும் அரைமணி நேரம் வாசலிலேயே நின்றார்கள். மேஸ்திரி மட்டும் முன்னறையை விட்டு நகராமல் தன் வேலையைப் பார்த்தது.

மறுநாள் காலை காலண்டரில் வியாழன் தாளைக் கிழிக்க அவருக்குக் கை வரவில்லை. மகள்தான் கிழித்தாள். அடியில் வியாழன், அதே தேதி. அச்சுப்பிழை என்று அதையும் கிழித்தாள். அடியில் வியாழன். வாசலில் கிடந்த வெள்ளிக்கிழமைப் பேப்பரைக் குனிந்து எடுத்து நிலையைத் தாண்டி உள்ளே வந்தால் அது நேற்றுப் படித்த பேப்பராக இருந்தது. அரைகுறையாகப் போட்டிருந்த குறுக்கெழுத்துப் புதிர் மறுபடி வெறும் கட்டங்களாகியிருந்தது. ரேடியோ அதே வானிலையைச் சொன்னது. கப்பல் ஏஜெண்ட் கூப்பிட்டு, "நாளைக்கு பத்து மணிக்குள்ள வந்திடுங்க, மறந்துடாதீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் தினமும் காலையில் கூப்பிட்டு இதையே சொன்னார். துறைமுகத்தில் அந்த ஒரு கப்பலின்மேல் மட்டும் மூடுபனி இறங்கி நின்றது. இந்தப் பக்கத்துக் கப்பலும் அந்தப் பக்கத்துக் கப்பலும் வெயிலில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் இருந்தார். அவர்தான் முதலில் வந்து காலண்டர் தாள்களை எண்ணி, கிழித்தாலும் குறையவில்லை என்று உறுதிசெய்தார். டீச்சருக்குத் தெருவின் வெள்ளிக்கிழமையில் கடைவாய்ப் பல்வலி பிடித்திருந்தது. மெத்தைக்காரர் வீட்டு நிலையைத் தாண்டினால் வியாழன் என்பதால் அங்கே பல் வலிக்கவில்லை. அதனால் அவர் காலையில் வந்தால் விளக்கு வைக்கும்வரை அங்கேயே உட்கார்ந்துகொண்டார். கோழி தீனியைத் தொடவில்லை என்று கவனித்ததும் அவர்தான். கழுத்துக்குக் கீழே ஒரு பந்து துருத்திக்கொண்டிருந்தது. மெத்தைக்காரர் தகர டப்பாவைக் கவிழ்த்து எண்ணினார். பன்னிரண்டு முடிச்சு இருந்தது. இருபத்தெட்டைக் காணோம்.

மாட்டு டாக்டர் வந்தார். உள்ளே நுழையும்போதே கைக்கடிகாரத்தின் தேதி பின்னால் போனதைப் பார்த்து, அதை ஒருமுறை தட்டிவிட்டு, கோழியை மடியில் வாங்கிக்கொண்டார். பந்தை அழுத்திப் பார்த்தார், அலகைப் பிரித்து மோந்து பார்த்தார். "புளிச்ச வாடை இல்ல, நல்லவேளை. நூல் சுருண்டு கெட்டியா அடைச்சிருக்கு. தீனி வேண்டாம். வெதுவெதுன்னு தண்ணி குடுங்க. அலகோட ஓரமா நாலு சொட்டு எண்ணெய் விட்டு, மேலேர்ந்து கீழே மெதுவா நீவி விடணும். ஒருவாட்டிக்கு அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலுவாட்டி. தலைகீழாப் புடிச்சு மட்டும் குலுக்கிடாதீங்க, மூச்சுக்குழாய்ல போயிடும்" என்றார். சரியாகிவிட்டால் நாள் நகருமா என்று மகள் கேட்டாள். உள்ளே இருப்பது இறங்கினால் எல்லாமே இறங்கும் என்றார். மெத்தைக்காரர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, மகள் காதில் விழாமல், "கோழி பொழைக்கலைன்னா நாள் என்ன ஆகும் டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டே யோசித்தார். "அதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் குடுக்கலைண்ணே. எனக்குத் தோணுறது, உள்ள இருக்கறது உள்ளயே தங்கிடும்." இதைச் சொல்லிவிட்டு நிலையைத் தாண்டி வெள்ளிக்கிழமைக்குப் போய்விட்டார்.

அந்த வார்த்தை மெத்தைக்காரர் மனதில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிட்டால் வெள்ளிக்கிழமையே கிடையாது. மகள் இந்த வீட்டிலேயே இருப்பாள். அதற்கு விலை மேஸ்திரி. இப்படியொரு நினைப்பு வந்ததற்காகத் தன் தலையிலேயே குட்டிக்கொண்டார், ஆனால் குட்டினால் போகிற நினைப்பாக அது இல்லை. காலையும் மத்தியானமும் நீவுவது மகளின் முறை, பிற்பகலும் சாயங்காலமும் அவருடைய முறை என்று பிரித்துக்கொண்டார்கள். கொல்லைப்புறத்தில் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து மடியில் கோழியை வைத்து, ஆளரவமில்லாமல் செய்ய வேண்டிய வேலை அது. இரண்டாவது வியாழன் அவர் ஒழுங்காக நீவினார். கட்டிதட்டிய பஞ்சை முப்பது வருடம் விரல் நுனியால் பிரித்த கை. எந்த இடத்தில் அழுத்த வேண்டும், எந்த இடத்தில் விட்டுப்பிடிக்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்றாவது வியாழன் சாயங்காலம் விரலுக்கு அடியில் அந்தப் பந்து லேசாக இளகுவது தெரிந்தது. தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் கோழியை மடியில் வைத்து, கையை அதன் மார்பில் சும்மா வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு உள்ளே வந்தார். எண்ணெய்ச் சொட்டு துவைக்கும் கல்லில் விழுந்தது. "இன்னும் ஒரே ஒரு நாள், மேஸ்திரி" என்று கெஞ்சினார். மறுநாளும் அதையே சொன்னார். காலையில் மகள் நீவுகிறாளே, அது போதும், கோழி செத்துப்போகாது, மெதுவாகக் குணமாகும், மெதுவாகக் குணமானால் போதும் என்று தனக்குத்தானே ஒரு கணக்குச் சொல்லிக்கொண்டார்.

அந்த நாட்கள் நன்றாக இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. முதல் மூன்று வியாழன்களில் இருவரும் நான்கு வருடத்தைப் பேசித் தீர்த்தார்கள். கப்பலில் காலைக்கு மட்டும் நானூறு முட்டை உடைக்க வேண்டும் என்றாள். அலை பெரிதாக இருந்தால் அடுப்பின் மேலே இருக்கும் பாத்திரத்தைக் கம்பியால் கட்டிவிட்டுத்தான் சமைப்பார்களாம். நானூறையும் நான்கு வருடத்தையும் பெருக்கி, கணக்கு டீச்சர் ஒரு தொகை சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த கோழி முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்காவது வியாழனுக்குமேல் பேச ஒன்றும் மிச்சமில்லை. அவர் தைத்தார், அவள் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து பழைய உறைகளுக்குப் பொத்தான் வைத்தாள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது "தண்ணி வேணுமா" என்று கேட்டார்கள். எப்போதாவது ஒருநாள் வரும் பிள்ளையோடு பேசத்தான் நேரம் இருக்கும். பேசாமல் இருக்க நேரம் கிடைக்காது. மெத்தைக்காரருக்கு அது கிடைத்தது. இத்தனை வருடமாக ஏங்கியது இதற்குத்தான் என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

நாள் நின்றாலும் அதற்குள்ளேயே இருந்தவர்களின் உடம்பு நிற்கவில்லை. அவருக்குத் தாடி வளர்ந்தது, மகளுக்கு நகம் வளர்ந்தது, கோழி இளைத்தது. சிவப்பாக இருந்த கொண்டை வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஆறாவது வியாழன் முதல் அது நடைபோடுவதை நிறுத்திவிட்டு ஒரே இடத்தில் நின்று மேற்பார்வை பார்த்தது. எட்டாவது வியாழன் மத்தியானம், அவர் ஒரு மெத்தையின் ஓரத்தைத் தைத்து முடித்தபோது, பழக்கதோஷத்தில் அந்தத் தையலைப் பார்க்க வந்தது. மெத்தை விளிம்பில் ஒரு கால் வைத்தது, மறுகால் வரவில்லை. அப்படியே சரிந்து தலையைப் பஞ்சுக் குவியலில் சாய்த்துக்கொண்டது. அவர் பதறித் தூக்கினார். பஞ்சை எடைபோட்டுப் பழகிய கைக்கு உடனே தெரிந்தது: ஒரு சின்னத் தலையணைக்குப் போடும் பஞ்சின் எடைகூட இல்லை.

மகள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். கோழியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க சாயங்காலம் நீவறீங்கதானே?"

அவருக்குப் பொய் வரவில்லை. "இல்லம்மா" என்றார். "மூணாவது நாளே விட்டுட்டேன். காலையில நீ நீவறியேன்னு ஒரு தைரியம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் நீவவே இல்லப்பா. முதல் நாள்லேர்ந்தே. மடியில வச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருந்துட்டு வந்துடுவேன். நீங்க நீவிக்கிட்டுதானே இருக்கீங்கன்னு நினைச்சேன்." அவர் கையிலிருந்த கோழியைத் தொட்டாள். "எனக்குப் போகவே மனசு இல்ல. எந்த ஊர்ல இறங்கினாலும் இந்த வாசல்தான் நினைப்பு வருது. சொன்னா நீங்க கலங்கிப்போயிடுவீங்கன்னுதான் போன்ல மேஸ்திரியைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தேன்."

அந்த வீட்டில் கோழியைத் தவிர எல்லோரும் பொய் சொல்லியிருந்தார்கள். மெத்தைக்காரருக்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்லக் கூசினாலும், சந்தோஷமாகவும் இருந்தது. அவர் தெரிந்துகொள்ள நினைத்தது தெரிந்துவிட்டது. அதைக் கேட்பதற்காகத்தான் எட்டு நாளைப் பிடித்து வைத்திருந்தோம் போலிருக்கிறது என்று நினைத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோழியை அவள் மடியில் வைத்தார். "இது போதும்மா எனக்கு. இதுக்குமேல ஆசைப்பட்டா பாவம், ஒரு உசுரு போயிடும். நல்லா புடிச்சுக்க" என்றார். மகள் இரண்டு கையாலும் இறக்கைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் விரலை வெந்நீரில் நனைத்துத் துடைத்து, அலகின் ஓரத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, அது விழுங்கும்வரை காத்திருந்து, பிறகு தொடங்கினார்.

கட்டிதட்டிய பஞ்சை நடுவில் பிடித்து இழுக்கக்கூடாது. ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி நடுவுக்கு வர வேண்டும். அவர் அப்படியே செய்தார். இரண்டு மணியிலிருந்து அரைமணிக்கொரு தடவை, ஐந்து ஐந்து நிமிடம், இடையில் கோழி மூச்சு வாங்க ஓய்வு. கணக்கு டீச்சர் மூலையில் உட்கார்ந்து நேரம் சொன்னார். அவருக்கு இது எதற்கான வேலை என்று தெரியும், முடிந்தால் பல்வலி காத்திருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு நிமிடம்கூடக் குறைத்துச் சொல்லவில்லை. நான்காவது தடவையில் பந்தின் ஓரம் குழைந்தது. ஆறாவது தடவையில் உள்ளே தண்ணீர் களகளவென்று இறங்கும் சத்தம் மூவருக்கும் கேட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் அந்த இடம் புதிதாக அடித்த பஞ்சைப்போல மெத்தென்று இருந்தது. கோழி கண்ணைத் திறந்து, அவருடைய சட்டைத் தையலைப் பார்த்து, முனகியது.

காலையில் மெத்தைக்காரர்தான் முதலில் எழுந்தார். அட்டைப்பெட்டியில் பழைய தலையணை உறைமேல் படுத்திருந்த கோழியின் கழுத்துக்குக் கீழே விரல் வைத்தார். தட்டையாக இருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தார். ஒரு நெல்மணி அளவுகூட எதுவும் இல்லை. காலண்டர் பக்கம் அவர் போகவில்லை. மகள், அவர் பிரித்து அடைத்துக் கொடுத்த மெத்தையில் ஒருக்களித்து, கை இரண்டையும் கன்னத்துக்கு அடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது என்று அந்த வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவளை எழுப்பாமல் ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் தானாகக் கண் விழிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேரம் இருக்கும். அவள் எழுந்ததும் அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டி அருகே போய்க் குனிந்து, அவளும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். "காலி" என்றாள்.

எட்டரை மணிக்கு ஏஜெண்ட் கூப்பிட்டு, "இன்னும் கிளம்பலையா?" என்று அதட்டினார். டீச்சர் வழியனுப்ப வந்து, நிலையைத் தாண்டியும் பல்வலி விடாததால் கன்னத்தைப் பிடித்தபடியே, "வெள்ளி வந்துடுச்சு போல" என்று சொல்லி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே தெருவிலும் அன்று வெள்ளிக்கிழமைதான், ஒரு வாரம் தள்ளி வந்த வெள்ளிக்கிழமை. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. பிற்பாடு அந்த வீட்டுத் தேதியும் தெருவின் தேதியும் ஏழு நாள் வித்தியாசத்திலேயே ஓடின. மின்சார ஆபீஸ்காரரும் பால்காரரும் தேதியில் ஒரு வாரத்தைக் கழித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டார்கள்.

மெத்தைக்காரர் துறைமுகம்வரை வரக் கிளம்பினார். மகள் வேண்டாம் என்றுவிட்டாள். கோழிக்கு மணிக்கொரு தடவை தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த இருபத்தெட்டு முடிச்சும் வெளியே வந்துவிட்டதா என்று எச்சத்தைக் கிளறிப் பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. வாசலில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஏங்கிப்போயிடாதீங்கப்பா" என்றாள்.

"ஏங்குவேன் கண்ணு. அது பாட்டுக்கு இருக்கட்டும், விடு. நீ சாப்பிடாம இருக்காதே" என்றார்.

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றார். திரும்பியபிறகும் கொஞ்ச நேரம் நின்றார். ஒன்பதே முக்காலுக்கு அவள் ஏணியில் கால் வைத்தபோது கப்பலின்மேல் இருந்த மூடுபனி போர்வையை இழுத்ததுபோல ஒரேயடியாக விலகியதாகத் துறைமுகத்தில் பார்த்தவர்கள் சொன்னார்கள். பத்து மணிக்குச் சங்கு ஊதியது, வீட்டுவரை கேட்டது. அவர் ஒரு ரொட்டித் துண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கோழி முதலில் யோசித்தது, பிறகு ஒரு கொத்துக் கொத்தியது, பிறகு உள்ளங்கை வலிக்கும் அளவுக்குக் கொத்தியது. சாயங்காலம் அதன் கழுத்துக்குக் கீழே சின்னதாக, மெத்தென்று, ஒரு நாளுக்கான அளவு நிறைந்திருந்தது. மறுநாள் காலை தொட்டுப் பார்த்தார். காலியாக இருந்தது, சனிக்கிழமை வந்திருந்தது. அதற்கு மறுநாள், யாரும் எதுவும் செய்யாமலே, ஞாயிற்றுக்கிழமை.